தோன்றா எழுவாய்

தார்த்து நகர மருத்துவமனை, மூன்றாம் தளம்.
டிசம்பர். மூன்றரைக்கே விளக்குப் போட்டாயிற்று.
டாக்டர் ஊர்வே கேட்டது ஒரே ஓர் எண்:
அந்தத் தூக்க மாத்திரை தின்ற எண்பது வயதுக்காரர்களில்
எத்தனை விழுக்காடு விழுந்தார்கள்?

விழுந்தால் குறிக்கப் படிவத்தில் கட்டம் உண்டு.
யாரும் அதைத் தொடுவதில்லை.
இரவுப்பணிச் செவிலியர் அடியிலுள்ள வெற்றிடத்தில்
நாலு சொல் தட்டிவிட்டு
அடுத்த மணி அடிக்கும் அறைக்கு ஓடுகிறார்கள்.
அந்த வெற்றிடங்களில்தான் எனக்கு வேலை.

குக்கு என்று அடித்து
வாலில் ஒரு நட்சத்திரம் வைத்தேன்.
குக்குஸ் என்றால் விழுந்தார், விழுந்தது.
ஆணா பெண்ணா மனிதரா பொருளா
எங்கள் எஸ்தோனிய வினைச்சொல்
யாரையும் காட்டிக்கொடுக்காது.

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
விழவில்லை என்றவர்கள் வந்தார்கள்.
விழுவேனோ என்று பயந்தவர்கள் வந்தார்கள்.
ரத்த அழுத்தம் விழுந்திருந்தது.
ஒருவருக்குப் பல்.
ஹெல்யு என்ற செவிலி மட்டும் சிக்கவே இல்லை,
அவள் எழுதுவது எப்போதும்
"தரையில் இருந்தார், பூனையைத் தேடினாராம்."
பூனை என்றும் தேட வேண்டியதாயிற்று.

பிறகு இது:
×××× குக்குஸ் ஒன்பது முறை. சிரித்தார்.

ஓர் இரவில் ஒன்பது முறை விழுந்துவிட்டு
யார் சிரிப்பார்கள்?
காபி ஆறிய பிறகுதான் உறைத்தது.
குயில் கூவினாலும் எங்களுக்குக் குக்குஸ்தான்.
எண்ணிக்கொள், எத்தனை கூவலோ
அத்தனை வருஷம் பாக்கி என்பார்கள்.
ஆற்றுப்பக்க வார்டில், மே மாதம், ஜன்னல் திறந்திருந்தால்
எல்லோரும் எண்ணுவார்கள்,
எண்ணவில்லை என்றும் சொல்வார்கள்.

குயில் எங்கே போயிற்று என்று ரைவோவைக் கேட்டேன்.
பெயர்களை உரித்தெடுக்கும் நிரல் அவனுடையது.
குயிலுக்கு எங்கள் சொல் கேகு.
கேகு என்று குடும்பப்பெயரும் உண்டு.
வாக்கியத்தின் தலையில் பெரிய எழுத்தோடு உட்கார்ந்திருந்ததால்
பறவையையும் நோயாளி என்று நினைத்து
நிரல் நாலு பெருக்கல் குறி போட்டு மூடிவிட்டது.
"அந்தரங்கம் காக்கப்பட்டது" என்றான்,
கேக் மென்றபடி.

தேதியைப் பார்த்தால் தெரியுமே,
குளிர்காலத்தில் ஏது குயில்?
தேதிகளையும் நகர்த்திவிட்டானாம்.
ஆளுக்கொரு கணக்கில்,
ஜூன் ஜனவரியாகும், ஜனவரி ஜூனாகும்.

ஆக, தேடுவதை விட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கினேன்.
×××× குக்குஸ் மூன்று முறை.
மறுநாள் குறிப்பில், வலது இடுப்பு நீலம்.
விழுந்தது.
×××× குக்குஸ் மூன்று முறை.
மறுநாள், கொசு, ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.
கூவியது.
ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்.
துப்புரவுக்காரர் வந்து என்னைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்.

இருநூற்று ஆறில் ஒன்று மிஞ்சியது.

×××× குக்குஸ் ஒரு முறை. அதன்பின் பேசவில்லை.

மறுநாள் குறிப்பு: பேசவில்லை. கஞ்சி பாதி.
அதற்கு மறுநாள்: பேசவில்லை.
நீலம் இல்லை, கொசு இல்லை,
ஸ்கேன் எடுத்ததாகவும் இல்லை.
கீழே உருட்டிக்கொண்டே போனேன்.
பதிவு பதினொரு மாதம் ஓடி
ஒரு செவ்வாய்க்கிழமை நிற்கிறது.
அதுவும் செவ்வாய்தானா தெரியாது.

பெருக்கல் குறிகளுக்கு அடியில் என்ன என்று
ரைவோவின் பூட்டிய கோப்புக்குத் தெரியும்.
கேட்க எனக்கு அனுமதி இல்லை,
கேட்டால் மொத்த ஆய்வும் போகும்.

கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
விழுக்காடு வரவில்லை, பிழைச்செய்தி வந்தது:
மதிப்பு இடவும்.

ஒன்று என்று இட்டேன்.
எதை எண்ணி இட்டேன் என்று
ஊர்வே கேட்கவில்லை.