ஐந்து நிமிடம்

இரவு பதினொன்றேகாலுக்கு
மழையோடு உள்ளே வந்தார் வால்டெசிர்.
சட்டையில் சிமெண்டு.
"ஐபுப்ரோஃபென், நானூறு.
போன மாதம் முதுகுக்குக் கொடுத்தாயே, அது."

கொடுத்தேன். முதுகுக்கு.
இன்று குழல்விளக்கு தன்னை அடிப்பதுபோல
கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்.
கண்ணுக்குப் பின்னால் வலியாம்.
எலும்பை யாரோ திருகுகிறார்களாம்.
மூன்று நாளாம்.
ரிபெய்ரான் பிரேத்தோவில், மார்ச் மாதத்தில்,
இந்தக் காய்ச்சலுக்குப் பெயர் கேட்க வேண்டியதில்லை.
என் தெருவில் மட்டும் ஏழு வீடு.

"அது இன்றைக்கு இல்லை."
"அலமாரியில் தெரிகிறதே, ஜுரேமா."
"தெரிகிறது. உங்களுக்கு இல்லை."
எதிர்க்கடையைப் பார்த்தார். அங்கே விளக்கு எரிகிறது.
"போங்கள். ஐந்து நிமிடம் கையைக் கொடுத்துவிட்டுப் போங்கள்."

இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினேன்.
மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நடுவில் காற்றை நிறுத்தி
முன்கையில் பேனாவால் ஒரு சதுரம் போட்டேன்,
அஞ்சல்தலை அளவுக்கு.

"சரி, ஆஸ்பிரின்?"
"அதுவும் அதே குடும்பம்.
இரத்தத்தை லேசில் உறையவிடாது.
இதயக்காரர்கள் சிலருக்கு அந்தக் குணமே மருந்து.
இது உள்ளே கசியக்கூடிய காய்ச்சல்.
குழாய் ஒழுகுகிற சுவரில்
ஆணி அடிப்பீர்களா, கொத்தனாரே?"
சிரித்தார்.
ஈறுகளைப் பார்த்துக்கொண்டேன். இரத்தம் இல்லை.

வீக்கத்தோடு வருகிற வலிக்கு
ஐபுப்ரோஃபென் கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை.
வெறும் வயிற்றில் விழுங்கினால்
வயிறு கணக்குக் கேட்கும்.
அடுத்த வரிசையில் சிறுநீரகம் நிற்கும்.

இரண்டாம் நிமிடம். விரல் நுனி நீலம்.

டிப்பிரோனா என்று சொல்ல வாயெடுத்தேன்.
சில நாடுகள் அதைக் கடைக்குள்ளேயே விடுவதில்லை,
எப்போதாவது ஒருவருக்கு வெள்ளணுக்களைத் துடைத்துவிடும் என்று.
இங்கே அது சமையலறையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்.
"அதைக் குடித்துத்தான்
என் கலியாணப் படத்தில் முகம் இப்படி" என்றார்,
இடக்கையால் கன்னத்தை ஊதிக் காட்டி.
வாயை மூடிக்கொண்டேன்.

மிச்சம் பாராசிட்டமால்.
வீக்கத்துக்கு உதவாது, வயிற்றோடு சண்டைக்கும் போகாது.
அதன் வழக்கெல்லாம் கல்லீரலோடு.
"கஷாசா?"
"ஞாயிறு."
"ஞாயிறு மட்டுமா?"
மழையைப் பார்த்தார்.
பதில் சொல்லாததையும் அளந்துகொள்ள வேண்டிய வேலை இது.
சட்டைப்பையில் சளிப்பொடி, பாதி கிழித்தது.
பின்புறம் திருப்பி எறும்பெழுத்தைக் காட்டினேன்:
இதற்குள்ளும் அதுவேதான்,
எலுமிச்சை வாசனை பூசிக்கொண்டு.
வாங்கிக் குப்பையில் போட்டேன்.

நாலாம் நிமிடம் இருவரும் பேசவில்லை.

பட்டையைக் கழற்றினேன். கண்ணாடியை மாட்டினேன்.
சதுரத்துக்குள் சிவப்புப் புள்ளிகள்,
மிளகாய்த்தூளை விரலால் சுண்டிவிட்ட மாதிரி.
இருபதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டேன்.

ஒரு அட்டை மாத்திரை. உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நாலு.
தாளில் நேரங்களை எழுதினேன், இடைவெளி விட்டு,
ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் இல்லை என்று அடிக்கோடிட்டு.
இரவோடு இரவாக மருத்துவமனைக்குப் போய் இரத்தம் கொடுக்கச் சொன்னேன்.
வயிறு வலித்தால், ஈறு கசிந்தால், தலை சுற்றினால்
என்னிடம் வராதீர்கள் என்றேன்.

"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான். சூட்டை இறக்கும். நோயைத் தொடாது."
"பிறகு எதற்கு?"
"தண்ணீர் குடிக்கத் தெம்பு வேண்டுமே."

தெருவைக் கடந்தார்.
எதிர்க்கடை வாசலில் நின்றார்.
நான் கல்லாவைத் திறந்து மூடினேன், மறுபடி திறந்தேன்.
பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
பேருந்து நிறுத்தத்துப் பக்கம் நடந்தார்.
மாத்திரை?
சட்டைப்பையில் இருக்கும்.
தாளும் இருக்க வேண்டும்.