மீட்டர் பெட்டிக்குள்

"மூஞ்சி வேணுமா, நம்பர் வேணுமா?
ரெண்டும் சேத்துக் கெடைக்காது சார்."
ரிச்சி தெருவில் மூன்றாம் மாடிப் படிக்கட்டில்
அட்டைப்பெட்டியைப் பிரித்தபடி கேட்டான் ஜாபர்.
முகம் தெரிய வைத்தால்
ஹெட்லைட்டில் எண் வெளுத்துப்போகுமாம்.
எண் தெரிய வைத்தால்
மற்றதெல்லாம் இருட்டாம்.
நம்பர், என்றேன்.
முந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டான்.

வறுக்கி என்று நாங்கள் கூப்பிட்ட நாய்
செவ்வாய் விடியலில் கேட்டுக்கு நேரே கிடந்தது.
இடுப்புக்குக் கீழே அது நாயாக இல்லை.
கலாராணி பழைய பெட்ஷீட்டை எடுத்துவந்தாள்.
மடிப்பாக்கத்தில் எங்கே புதைப்பது?
வாசல்வரைக்கும் சிமெண்ட்.
ஸ்கூட்டரில், கால்களுக்கு நடுவே வைத்து
ஏரிக்கரைக்குக் கொண்டுபோனேன்.
திரும்பும்போதும் வாசலில் ரோடு ஈரமாக இருந்தது.
மே மாதம். மழை பெய்து ஐந்து மாதம்.
பார்த்தேன்.
யோசிக்கவில்லை.

கேட் தூணில் இணைப்பில்லாத மீட்டர் பெட்டி.
துருவேறிய அதன் கதவில்
ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை போட்டேன்.
உயரம் இடுப்பளவு, சாய்வு முப்பது டிகிரிக்குள்,
ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடி.
"என்ன சார், கரண்ட் பிரச்சனையா?"
எதிர்வீட்டு தேவசகாயம்.
"குளவி கூடு கட்டியிருக்கு."
அன்றிலிருந்து அவர் அந்தத் தூணைக் கடக்கும்போது
தலைக்கு மேல் துண்டை வீசிக்கொண்டே போகிறார்.

முதல் இரவின் பதிவில் தெரு இல்லை.
வேப்பமரம் இல்லை, விளக்குக் கம்பம் இல்லை,
எதிர்வீடு இல்லை.
கருப்பில் வெள்ளைப் பலகைகள் மட்டும்
ஆளில்லாமல் சக்கரமில்லாமல்
மிதந்துபோயின.

பத்து நாளில் பழகிவிட்டன.
3318 நாலு மணிக்குப் பால்.
9054 கம்பெனி கேப். மூலை வீட்டுப் பெண்ணை இறக்கிவிட்டு
அவள் உள்ளே போகும்வரை போலும்,
இரண்டு நிமிடம் நகராது.
ஒருநாள் அது வரவில்லை,
மறுநாள் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.
0716 இஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வருகிற பைக்:
இரண்டே காலுக்குப் பலகை ஆடி ஆடி வரும்.
"பையன் பத்துக்கே படுத்துடறான் சார்,
அந்த விஷயத்துல குடுத்து வெச்சவன் நான்"
என்பார் தேவசகாயம், காலையில்,
குளவிக்குப் பயந்து தள்ளி நின்று.

நான் தேடாதவர்களைப் பற்றி
இவ்வளவு தெரிந்துபோயிற்று.

அடுத்த செவ்வாய். மூன்று பன்னிரண்டு.
ஒரு பலகை பின்பக்கமாக வந்தது,
வளைவிலும் வேகம் குறையாமல்,
வறுக்கி படுக்கிற இடத்தைத் தாண்டி
எங்கள் கேட்டை ஒட்டி நின்றது.
நாற்பது நிமிடம் நின்றது.
எழுத்துகளின் மேல் ஏதோ வழிந்துகொண்டே இருந்தது.
பெரிதாக்கினேன்.
ஜாபர் பொய் சொல்லவில்லை,
ஒவ்வொரு எண்ணும் அச்சடித்த மாதிரி.

கேட்டுக்கு அடியில் சொருகிவிட்டுப் போவார்கள்,
எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே வைப்போம்:
மஞ்சள் ரசீது.
பன்னிரண்டாயிரம் லிட்டர்.
வண்டி எண்.
வாடிக்கையாளர் என்ற இடத்தில்
எழுத்துப்பிழையோடு என் பெயர்.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை,
எங்களை எழுப்ப வேண்டாமென்று
வெளியிலிருந்தே சம்ப்புக்குக் குழாய் போட்டுவைத்தவனும் நான்தான்.
போனில் சொன்னதும் நான்தான்,
"விடியறதுக்குள்ள வந்துடணும்ப்பா,
எவ்ளோ வேகமா முடியுமோ."

ஆறு மணிக்குக் கலாராணி மோட்டார் போட்டாள்.
மேல்தொட்டியில் தண்ணீர் விழத் தொடங்கியது,
வெறும் தொட்டியின் அடியில் முதலில் விழும்
அந்தப் பெரிய சத்தம்.
"செவ்வாக்கிழமையாச்சே,
கெடைச்சுதா நம்பர்?"
"லைட் பட்டு வெளுத்துப்போச்சு" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சமையலறை விளக்கைப் போட்டாள்.
என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.