தாமதக் கட்டணம்

தோஹாவில் என் பள்ளிக்கூடத்து நடைபாதையில்
அறுபத்திரண்டு கொடிகள்.
எங்களுடையது
ஸ்பெயினுக்கும் சூடானுக்கும் நடுவே,
ஏசி அடிக்கும் திக்கில்;
அதனால் சிங்கத்தின் வாள்
எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருக்கும்.

எந்த ஊர் என்று மிஸ் ஃபியோனா கேட்டா.
சாய்ந்தமருது என்றேன். அவ வாயில் அது ஏறவில்லை.
கல்முனை என்றேன்.
கொழும்பா என்றா.
ஓம் என்று சொல்லிவிட்டேன்,
மணியடித்துவிட்டதால்.

டிசம்பர் வரைக்கும்தான் கட்டுவோம் என்று
வாப்பாவின் கம்பெனி கடிதம் எழுதியது.
உம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா,
இரண்டாந்தரம் வேறு மாதிரி வரும் என்பதுபோல.

லொக்கர் சாவி கொடுத்தேன். பஸ் அட்டை கொடுத்தேன்.
டையைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள்.
அது இப்போது மாமி வீட்டுக் கேற்றில்,
கொளுக்கி உடைந்த இடத்தில்:
நீலத்தில் ஒரு வெள்ளை வல்லூறு
முடிச்சுக்குள் கழுத்தை நீட்டியபடி.

இங்கே ஒன்பதாம் வகுப்பு, சி பிரிவு.
விஞ்ஞான சேர் பலகையில் எழுதுகிறார்: ஒளித்தொகுப்பு.
இலையை, வெயிலை, பச்சையத்தை
வேறொரு பெயரில் எனக்கு நல்லாத் தெரியும்.
தெரிந்ததெல்லாம் உடுப்பு மாற்றிக்கொண்டு
முன்னே வந்து நிற்கையில்
நீ யார் என்று கேட்கவும் வெட்கம்.

இடைவேளைக்குச் சுற்றி நிற்பார்கள்.
"இங்கிலீஷ்ல ஒண்டு சொல்லுகா."
சொல்வேன்.
"மறுகா?"

மறுகா.
அங்கே இதற்கு ஒரு சொல் தேடியிருக்கிறேன்.
பிறகு, அடுத்து, திரும்பவும், அப்படியா,
எல்லாம் கிட்ட வந்து நின்றன.
ஒன்றும் உள்ளே வரவில்லை.

பெட்டியின் அடியில், குளிருடுப்புக்குள்,
வாசிகசாலைப் புத்தகம் ஒன்று
தெரியாமல் என்னோடு வந்துவிட்டது.
எரிமலைகள் பற்றியது.
திருப்பவேண்டிய திகதி நவம்பர் இருபத்தெட்டு.
தாமதித்தால் நாளுக்கு அரை ரியால்.
ராவில் படுத்துக் கணக்குப் பார்ப்பேன்:
நூற்றுப் பன்னிரண்டு நாள்,
ஐம்பத்தாறு ரியால்.

தெரியாமல் என்றது பொய்.
தெரிந்துதான் வைத்தேன்.
யாராவது ஒருவர் அங்கே
என் பெயரைப் பட்டியலில் பார்த்து
இன்னும் வரவில்லையே என்று
சொல்லிக்கொண்டிருக்கட்டும் என்று.

நேற்று நுஸ்கியா அதை எடுத்தாள்.
இங்கிலீஷ் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும்.
படத்து நெருப்பாற்றில் விரலை ஓட்டினாள்.
"கடலுக்குள்ளயும் வெடிக்குமா?"
வெடிக்கும் என்றேன்.
அவளுடைய வீடு கடலுக்கு நாலு வளவு தள்ளி.
அவள் பிறக்க முன்னம் ஒரு தரம்
கடல் உள்ளே வந்து போனது.
கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.

"மறுகா?"

வீட்டுக்குக் கொண்டுபோகட்டா என்றாள்.
எப்ப தருவாய் என்று கேட்க வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
நவம்பருக்குக் கீழே, பென்சிலால்,
என் கோணல் தமிழில் அவள் பெயரை எழுதினேன்.
நஸ்கியா என்று வந்தது.
பென்சிலை வாங்கி
வாலை அவளே இழுத்துவிட்டாள்.