தை மாதப் பதிவு

வயிற்றோட்டம்:
ஆண் அறுபத்து மூன்று, பெண் இருபத்தொன்பது.
நீலப் பேனையால் நான்தான் எழுதினேன்.
கூட்டல் சரி. இரண்டு தரம் பார்த்தேன்.

மாதக் கூட்டத்தில் டொக்டர் கேட்டார்,
'ஆம்பிளையளுக்கு ஏன் இவ்வளவு?'
அரிவுவெட்டுக் காலம்,
முத்தையன்கட்டு வாய்க்காலில் அப்படியே அள்ளிக் குடிக்கினம் என்றேன்.
அது பொய்யில்லை.
குலசிங்கத்தார் வரம்பில் குந்தியிருந்து
சோடாப் போத்தலில் நிரப்பினதை
நானே கண்டவள்.

பிறகு கிணறுகளுக்குக் குளோரின் போட வீடுவீடாய்ப் போனேன்.
பவளராணி வளவுக் கொடியில்
சாரம் நாலு, பெடியனின் காற்சட்டை ஆறு.
தோய்த்தது ஒரே கை.
ஒரு பக்கற் ஜீவனி கரைத்து
புருசனுக்கு ஊற்றி, பெடியனுக்கு ஊற்றி,
அடியில் கிடந்த கரிப்பைத்
தன் வாயில் கவிழ்த்தாள்.
'உமக்கு?'
'எனக்கு ஒண்டுமில்லை மிஸ்'
சொல்லி முடிக்கமுன் எழும்பிப் பற்றைப் பக்கம் போனாள்.

வீட்டுத்திட்டக் கக்கூசுக்குக் கதவு இன்னும் வரவில்லை.
யூரியாப் பை தொங்குது, றோட்டைப் பார்த்தபடி.
அதால்தான் விடியமுன் எழும்பிறது.
அதால்தான் பொழுதுபட்டால் தேத்தண்ணி இல்லை.
வெயிலிலும் அரைச் செம்பு.

ஒட்டுசுட்டான் ஆசுபத்திரிக்கு ஒரு பஸ்.
கால்மணிக்கொருக்கா முறுக்கிற வயிற்றோடு
புருசன்காரன் போனான்;
முதிரை மரத்தடியில் நிப்பாட்டச் சொல்லி
இறங்கிப் போய் வந்தான்,
கொண்டக்டர் சிரிச்சுக்கொண்டு நிண்டவராம்.
அவள் எங்கே இறங்கிறது?

பதிவேட்டில் 'வராதவர்' எண்டொரு நிரல் இல்லை.
கடிதமொன்று எழுதினேன். பதில் வந்தது:
ஆண்களுக்குக் கைகழுவும் பயிற்சி,
பொதுநோக்கு மண்டபம்,
மதியச் சாப்பாடு உண்டு.

சமையல் மாதர் சங்கம்.
பவளராணி கத்தரிக்காய் வெட்டினாள்.
மூன்று தரம் மண்டபத்துக்குப் பின்னால் போய்
மூன்று தரம் வந்து கத்தியை எடுத்தாள்.
சவர்க்காரம் முழுக்க முன்மேசையில்,
கடதாசி கூடப் பிரிக்காமல்.
ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.
'இப்ப மிஸ் பேசுவா' எண்டார் டொக்டர்.
மைக்கைப் பிடிச்சேன்.
இருபது செக்கன் தேய்க்கவேணும் என்றேன்.

எல்லாரும் நல்லாச் சாப்பிட்டினம்.
குலசிங்கத்தார் குழம்பு இரண்டாந்தரம் கேட்டார்.

அடுத்த மாதத் தாளுக்குக் கோடு போடும்போது
ஆண் நிரலைக்
கொஞ்சம் அகலமாய் விட்டேன்.