பிரிவு பதினேழு

முதலில் ஒரு மின்னஞ்சல்தான் வந்தது.
‘உங்கள் வேலையை வெகுநாளாய்க் கவனிக்கிறோம்.’
"இவனுவளுக்கு நம்ம பணகுடி எப்படிம்மா தெரியும்?"
என்றார் அருமைநாயகம் அண்ணாச்சி.
ஆறு வருடமாய் அவர்களுடைய காற்றாலைக்குத்தான்
கியர்பாக்ஸ் பிரித்து மாட்டுகிறோம்.
பில் போட்டவள் நான். தெரியாமல் எப்படி.

ஆனியில் மூன்று பேர் வந்தார்கள்.
காவல்கிணறு லாட்ஜில் ஏசி ஓடவில்லை.
ஜன்னலைத் திறந்ததும் கணவாய்க் காற்று
பாதித் தாளை உடங்காட்டுக்கு அனுப்பியது.
எண்பத்தெட்டுக் கேள்விகள்.
பட்டறை மனையின் மூலப்பத்திரம், பி.எஃப். பாக்கி,
இசக்கியம்மன் கொடைக்கு எழுதிய ஐயாயிரம்
எந்தத் தலைப்பில் வரும்?
"விளம்பரம்" என்றேன்.
குறித்துக்கொண்டார்கள்.

கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லவேண்டும்.
ஒருவர் தினமும் சொதி கேட்டுச் சாப்பிட்டார்.
ஒருவர், லேத்தில் நிற்கும் மாசானத்தின் பெயரை
மூன்று நாளில் சரியாய்ச் சொன்னார்.
பெண் பார்க்க வந்தவர்கள் கிணற்றடிவரை
நடந்து பார்ப்பதுபோல
கழிவெண்ணெய்ப் பீப்பாயை எண்ணிவிட்டுப் போனார்கள்.

பிறகு விலைத் தாள்.
இயந்திரம் இவ்வளவு, கட்டடம் இவ்வளவு.
எதிலும் சேராமல் பெரிதாய் ஒரு தொகை நின்றது.
‘நற்பெயர்’ என்றார்கள்.
அண்ணாச்சி வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்தார்.
கடன் கேட்டுப் போன எந்த பாங்கும்
அதற்கு ஒரு ரூபாய் போட்டதில்லை.

ஐம்பத்தொரு சதம் இப்போது, மிச்சம் மூன்று வருடத்தில்.
பலகையில் பழைய பெயர் இருக்கும், சின்ன எழுத்தில்.
ஆட்கள் எல்லோரும் தொடர்வார்கள்,
பதினெட்டு மாதம்.
பிரிவு பதினேழு: விற்றவர் ஐந்தாண்டுகளுக்கு
இத்தொழிலை நேராகவோ மறைவாகவோ
கூலிக்கோ சும்மாவோ செய்யலாகாது.
எல்லை: தென்மாவட்டங்கள் அனைத்தும்.
கையெழுத்துப் போட்டார்.
பேனா அவர்களுடையது.

ஆவணியில் ராதாபுரத்தில் ஒரு கல்யாணம்.
வழியில் காரை ஓரங்கட்டச் சொல்லி
கண்ணாடியை இறக்கினார்.
வரிசையாய்க் காற்றாலைகள். வேறு கம்பெனி.
தலையைச் சாய்த்தார்.
"ஏழாவது. உள்ள பேரிங் அரைக்கு. பத்து நாள் தாங்காது."
என்னிடம் சொன்னாரா, காற்றிடமா, தெரியவில்லை.
வாட்ச்மேன் பையன் ஓடிவந்தான்.
"அண்ணாச்சி, ஏதும் சத்தம் வருதோ?"

அவர் என் முகத்தைப் பார்த்தார்.
பதினேழாம் பிரிவைத்
தமிழில் வாசித்துக் காட்டியவள் நான்தானே.

"காத்து நல்லா அடிக்குடே" என்றார்.
கண்ணாடி ஏறியது.