வேற என்ன மாத்திரை?

மகளின் தடுப்பூசி அட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.
வீட்டில் அதைத் திறப்பவள் நான் மட்டுந்தான்.
போலியோ, அம்மை, வைட்டமின் ஏ,
அப்புறம் மாலா.
பேரைச் சொன்னால்
நாலு வீடு தள்ளிக் கருவாடு காயவைப்பவள் போலிருக்கும்.

ராத்திரி ஒன்பதுக்கு போனில் அலாரம்.
அதற்கு நான் வைத்த பெயர்: பால் காய்ச்சு.

இருபத்தொன்று வெள்ளை, ஏழு பழுப்பு.
பழுப்பில் மருந்தில்லை, இரும்புச் சத்துதான்,
ஆனாலும் விடாதே, விட்டால் கணக்கு நழுவும்
என்றாள் ஜெசிந்தா சிஸ்டர்.
பிரஷர் பார்த்து,
கெண்டைக்கால் வீங்குமா,
தலைவலி வரும்போது கண்ணுக்குள் மின்னுமா என்று
போலீஸ்காரி மாதிரிக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள்.

பத்து நாள் கடல், இரண்டு நாள் கரை,
அதுதான் அவர்.
ஆளில்லாத ராத்திரிக்கு மாத்திரை எதற்கு?
முதல் மாதம் ஆறு நாள் மிச்சம் பிடித்தேன்,
ரேஷன் சர்க்கரை மாதிரி.
காற்று கெட்டு, ஏழாம் நாளே திரும்பியது படகு.

அந்த மாதம்
கடையில் நாப்கின் வாங்கும் பெண்களையெல்லாம்
பொறாமையாய்ப் பார்த்தேன்.
வந்தது.
நாலு நாள் தாமதமாக, வயிற்றைப் பிசைந்துகொண்டு.

மாத்திரைக்குப் படகு தெரியாது.
கரையில் யார் இருக்கிறார் என்று அது கேட்காது.
அதிலிருந்து தினமும்.
ஒரு ராத்திரி மறந்து, விடிந்து
வஞ்சிரம் அரியும்போது ஞாபகம் வந்தது,
செதில் ஒட்டிய கையோடு ஓடி விழுங்கினேன்,
அன்றைக்கு ஒன்பதுக்கு இன்னொன்று.
நண்டு ஒத்துக்காமல் உடனே வாந்தி எடுத்த அன்றும்
மறுபடி ஒன்று.

ஐப்பசியில் இருமல் பிடித்தது.
கார்த்திகையிலும் விடவில்லை.
ஜாக்கெட் தொளதொளத்தது,
தலையணை ராத்திரியில் நனைந்தது.
முதுநகரிலிருந்து மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்கு
அத்தைதான் கூட்டிப் போனாள்.
சளியில் இருக்கிறது என்றார்கள். ஆறு மாதம்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"
டாக்டர் கேட்டது என்னை.
பதில் அத்தையுடையது:
"அவளா? தலைவலிக்கே தைலந்தான் சார்."
நானும் தலையாட்டினேன்.
ஆட்டிய தலை, தன் பாட்டுக்கு, ஆடிக்கொண்டே இருந்தது.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒரு பையன்,
கழுத்து அட்டையில் ஆரோக்கியநாதன்.
"பாஸ்புக் ஜெராக்ஸ் வேணும்மா,
மாசாமாசம் பணம் போடணும்ல" என்று
அத்தையை வெளியே அனுப்பினான்.
அனுப்பிவிட்டு மேசையைப் பார்த்துக் கேட்டான்:
"அக்கா, குழந்தை வேணாம்னு எதாவது..."

அவன் காது சிவந்தது.
என் வாயில் சொல் இல்லை.
பையைத் திறந்து, தடுப்பூசி அட்டையைத் திறந்து காட்டினேன்.

"இந்தச் சிவப்பு மாத்திரை போனா
ஈரல் அந்த வெள்ளையை வேகமாக் கரைச்சுத் தள்ளிடும்.
தினம் சாப்பிடுவீங்க,
ஆனா அது காக்காது.
இந்த ஆறு மாசம், முடிஞ்சு இன்னொரு மாசம்
அதை மட்டும் நம்பாதீங்க.
உறை இருக்கு, காப்பர் டி இருக்கு, சிஸ்டர்கிட்ட பேசுங்க.
இதை மட்டும் ஒரு நாளும் நிறுத்தாதீங்க."

நான் ஆட்டிய தலையை நினைத்தேன்.
தினமும் ஒன்பதுக்கு, தவறாமல்,
எதையும் காக்காத ஒன்றை விழுங்கியிருப்பேன்.
நோயும் மருந்தும் ஆளாகப் பாதி தின்ற உடம்பில்
இன்னொரு உயிர் வந்து உட்கார்ந்திருக்கும்,
நான் விழுங்கியதையே எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஷேர் ஆட்டோ கெடிலம் பாலத்தில் ஏறியது.
அத்தை ஆற்றைப் பார்த்தபடி இருந்தாள்.
தண்ணீர் குறைவு, கொக்கு ரெண்டு.

"நம்ம வீட்ல ராத்திரிக்குப் பாலே வாங்கறதில்லடி."

ஜெராக்ஸ் காகிதத்தை மடித்தேன்.
மடித்ததைப் பிரித்தேன்.

"அந்த அலாரத்துக்கு
வேற பேர் வை."