இருபது கிலோவுக்குக் கீழே

லியபாயா துறைமுகத்தில் எடைமேடை என் வேலை.
பார்லி லாரிகள் ஏறும், நிற்கும், இறங்கும்.
திரையில் எண்கள்
இருபது இருபதாகத்தான் நகரும்.
அதற்குக் கீழுள்ள எதுவும் என் மேடைக்குக் கனமில்லை:
ஓட்டுநரின் ரொட்டிப் பொட்டலம்,
சக்கர இடுக்கில் ஒட்டிய பனிச்சேறு,
கூடவே வரும் நாய்.

மாலையில் நகர வாத்தியக் குழுவில்
இரண்டாம் கிளாரினெட்.
அங்கே அரை மில்லிமீட்டருக்கு
அழுகிறேன்.

தொண்டைச் சுரங்கள் என்பார்கள் அவற்றை.
விரல்களெல்லாம் அநேகமாகத் தூக்கியிருக்க
குழல் பிடிமானமில்லாமல் நிற்கும் இடம்.
என் குழலில் அவை மட்டும்
பந்தி விரிக்குமுன் வந்து உட்காரும் விருந்தாளி மாதிரி
எப்போதும் ஒரு முடி மேலே.

முதலில் சீவாளியைக் குறை சொன்னேன்.
இரண்டரை, மூன்று, மூன்றரை.
பெட்டி பெட்டியாகக் காசு போனது.
பிறகு ஊதுவாயை மாற்றினேன்.
நடு அடங்கியது, கீழ் ஸ்தாயி தொங்கியது.
தலைக்கு இழுத்தால் கால் தெரியும்
குட்டைப் போர்வை இந்தக் குழல்.

கடைசியில்
ஜெர்மனியிலிருந்து மூன்று பீப்பாய்கள் வந்தன.
பீப்பாய் என்றதும் மிரள வேண்டாம்,
ஊதுவாய்க்கும் உடலுக்கும் நடுவே செருகும்
கட்டைவிரல் நீளத் துண்டு.
பியர் நிற்காது, மூச்சும் நிற்காது.
அறுபத்துநான்கு, அறுபத்தைந்து, அறுபத்தாறு மில்லிமீட்டர்.
வேண்டாததைப் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்.

சமையலறை மேசையில் சுருதிமானி.
அறுபத்துநான்கு: கொதிக்கும் கெட்டில்.
அறுபத்தாறு: தொண்டை இறங்கியது,
குளிரில் மற்றதெல்லாம் கூடவே இறங்கியது.
இரவு பத்தரைக்கு
மேல்வீட்டு ஸ்கைட்ரீதே வெப்பக்குழாயைத் தட்டினாள்.
ஊசி அதையும் அளந்தது,
பன்னிரண்டு சென்ட் கீழே.

அறுபத்தைந்தில் ஊசி நிமிர்ந்தது.
பச்சை விளக்கு.
அடுத்த சுரம், பச்சை. அதற்கடுத்ததும்.
பல் தேய்க்காமல் தூங்கிப் போனேன்.

வியாழன் ஒத்திகையில்
மெதுவான பகுதி, கடைசிக் கூட்டுச்சுரம்.
இல்க்வார்ஸ் கோலைத் தாழ்த்தினார்.
"மூன்றாம் சுரம் யாரிடம்?"
என்னிடம்தான்.
"மேலே இருக்கிறது."
"ஊசி சரி என்கிறதே."
"ஊசி தனியாக வாசிக்கிறது, விஸ்மா."

டியூபாவில் குண்டார்ஸ் அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டான்.
நான் உதட்டைத் தளர்த்தினேன்.
பச்சை அணைந்தது.
இன்னும் தளர்த்தினேன், சிவப்பு.
பதினான்கு சென்ட் கீழே
எங்கள் நடுவே அதுவரை எதுவோ துடித்துக்கொண்டிருந்தது
நின்றது.
குளிர்பெட்டியின் இரைச்சல் ஓய்ந்த பிறகுதானே
அது இரைந்தது தெரியும்,
அப்படி.

இடைவேளையில் கேட்டேன்,
அப்படியானால் எந்தப் பீப்பாய்?
குண்டார்ஸ் டியூபாவின் தண்ணீரைக் கொட்டியபடியே சொன்னான்:
"மேலே இருப்பதை இறக்கினாலும் உதடு வலிக்கும்,
கீழே இருப்பதை ஏற்றினாலும் வலிக்கும்.
எந்த வலி பழகியதோ
அதை வாங்கு."
டியூபாக்காரனிடம் கேட்டது என் தப்பு.

இன்று ஒன்பதாம் நாள்.
லாரி இல்லாத நேரம் பார்த்து
மூன்றையும் எடைமேடையின் நடுவில்,
அறுபது டன் தாங்கும் இரும்பில்
நிறுத்தி வைத்துவிட்டு
உள்ளே வந்து திரையைப் பார்த்தேன்.
சுழியம்.
பால்டிக் காற்று
ஒன்றின் வாயில் ஊதிப் பார்த்தது.
கண்ணாடிக்குள்ளிருந்து
எதுவென்று தெரியவில்லை.

வாயிலில் லிதுவேனிய லாரி.
ஹாரன் நீளமாக.
பிறகு பொறுமையிழந்து இன்னொரு முறை.
வருகிறேன், வருகிறேன் என்று கைகாட்டிக்கொண்டே
அதற்கு மூன்றாம் சுரத்தை முனகினேன்,
கொஞ்சம் இறக்கி.

ஓடிப்போய் மூன்றையும் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டேன்.
இப்போது எது எந்த அளவென்று
கைக்குத் தெரியவில்லை.